சூரியன் மறையாத ஊருக்கு ஐந்து பேர்

அத்தியாயம் ஒன்பது

இத்ரூஸ் ஹாஜியார் ஒன்றுக்குச் "சரி" சொல்லிவிட்டால், அப்புறம் பதுளை பஸாரில் அதற்கு மறுபேச்சில்லை. நோர்வேப் பயணத்துக்கு அவர் வாயிலிருந்து அந்தச் "சரி" விழுந்த இடத்தில்தான் போன வாரம் கதையை நிறுத்தினோம். விழுந்த நாள் முதல் அந்த வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை.

நடுவழியில் ஏறியவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஹாஜியாருக்குப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் ஸவாஹிரா. கல்யாணம் முடித்த வருஷமே கணவனைப் பறிகொடுத்து வாப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த கையோடு உம்மாவும் மௌத்தாகிவிட, ஐந்து வயதுத் தம்பி நஸீரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நடுவில் அலவி, வாப்பாவோடு புடவைக் கடையைப் பார்ப்பவன். அவன் மனைவி முஹ்ஸினா, மகள் காமிலா. அந்த இடுப்புப் பிள்ளை நஸீர்தான் இப்போது நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன் கம்பனியில் வேலை செய்கிறான். போய் ஏழு வருஷம் ஆகிறது. ஒரு தடவை கூட ஊர்ப்பக்கம் வரவில்லை. "நான் வாறதுக்குப் பதிலா நீங்க எல்லாரும் வாங்க" என்று அவன் ஜனவரியில் எழுதப்போய்த்தான் இந்தக் கூத்தெல்லாம்.

ஐந்து பேர், மூன்று தலைமுறை. போக வேண்டியது பூமியின் உச்சந்தலைக்கு. கையிலிருப்பதோ சாரமும் சீத்தைத் துணியும் விற்ற காசு. இதற்குள் பயணத்தை அடக்கித் திட்டம் போட்டது யார் தெரியுமா? கொழும்புக்கு அப்பால் ஒரு ஊரைக் கண்ணால் கண்டிராத ஸவாஹிராதான்.

நஸீர் அனுப்பிய சிறு புத்தகங்களைக் காமிலா வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்ல, அவள் சாப்பாட்டு மேசையில் தேசப்படத்தை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கோப்பைகளைப் பாரம் வைத்து, விரலால் வழி பிடித்தாள். கோப்பன்ஹேகன் வரைக்கும் மாஸ்கோ வழியாகப் போகும் மலிவு விமானம். அங்கிருந்து ஆளுக்கொரு ரயில் பாஸ். அதை வைத்துக்கொண்டு டென்மார்க், சுவீடன், நோர்வே மூன்றிலும் ஏறி இறங்கலாம். ராத்திரியில் ரயிலிலேயே தூங்கிக்கொண்டால் தங்குமிடச் செலவு மிச்சம். மற்ற ராத்திரிகளுக்கு இளைஞர் விடுதி. எழுபத்திரண்டு வயது ஹாஜியாரும் அங்கே இளைஞர் கணக்கில்தான் சேர்த்தியாம். படுக்கை விரிப்பைக் கையோடு கொண்டு போனால் வாடகை குறையும், சமைத்துச் சாப்பிட அடுப்பும் கொடுப்பார்கள். ரயில் பாதை முடிகிற ஊர் நார்விக். அதற்கப்பால் பஸ்.

"பதுளையும் கடைசி ஸ்டேஷன், அதுவும் கடைசி ஸ்டேஷன்" என்றாள் காமிலா. "நடுவுல உள்ளது முழுக்க நம்ம பயணம் மாமி!"

ஸவாஹிராவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அவளிடம் இந்த வீட்டில் கணக்கு வழக்கில்லாமல் பேசுகிற ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். மற்றவர்கள் நல்லவர்கள், மரியாதையானவர்கள். உப்பு எங்கே, சாவி எங்கே, வாப்பாவின் மருந்து எங்கே என்று அவளிடம்தான் கேட்பார்கள். அதற்கு மேல் கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

இரண்டு நாளைக்கு முன் அலவி மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதிலும் விழுந்தது. "ராத்தா வந்தா ஹோட்டல் சாப்பாடு தேவயில்ல. அவ வராட்டி இந்தப் பயணம் கட்டுப்படியாகாது." அக்காவைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னான். ஸவாஹிரா உள்ளே போய் அரிசியில் கல் பொறுக்கினாள். சமையல்காரியாகவேனும் போகட்டும், நஸீரின் முகத்தைப் பார்த்தால் போதும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். தேறினாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. பகல் மூன்று மணிக்குக் கடை டெலிபோனுக்கு நஸீர் பேசுவான். பேசி முடித்த கையோடு அலவி பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போய் டிக்கெட் ஏஜெண்டிடம் முற்பணம் கட்ட வேண்டும். இன்றோடு அந்த மலிவு டிக்கெட் முடிகிறது.

ஸவாஹிரா இன்று நோன்பு. போன றமழானில் பெண்களுக்கு விட்டுப்போகிற நாட்கள் இருக்குமல்லவா, அந்தக் களா நோன்புகளை அடுத்த றமழானுக்கு முன் பிடித்துத் தீர்த்துவிட வேண்டும். விடியுமுன் எழுந்து, வீட்டில் யாரையும் எழுப்பாமல், மிச்சமிருந்த சோற்றைச் சாப்பிட்டு, நோன்பு பிடிப்பதாக நிய்யத் வைத்திருந்தாள். காலையில் எல்லாருக்கும் ரொட்டி சுட்டுப் போட்டாள். தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்தாள். நால்வரும் சாப்பிட்டு எழுந்து போனார்கள். ஸவாஹிரா சாப்பிட்டாளா என்று அந்த வீட்டில் கேட்பதில்லை. சமைக்கிறவள் பசியோடிருக்க மாட்டாள் என்ற நம்பிக்கைதான்.

பாத்திரம் கழுவும்போது மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். இன்றையதோடு இரண்டு முடியும், இன்னும் நான்கு. நோன்புக்கு எத்தனை நாள் இருக்கிறது? இப்போது ரஜப். அடுத்தது பராஅத் மாதம். அதற்கடுத்தது...

கை நின்றது.

போன வருஷம் காமிலாவின் பிறந்த நாள் நோன்பு தொடங்கிய கையோடு வந்தது. கேக்கைச் சூரியன் மறைகிற மஃரிபு வரைக்கும் வெட்ட முடியாதென்று அந்தப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளே! அவள் பிறந்தது ஜூலை ஐந்து. நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் வரும். அப்படியென்றால் இந்த வருஷம் ஜூன் கடைசியில் தலைப்பிறை. பயணமோ ஜூன் பதினான்கு, ஒரு மாதத்துக்கு.

இது எப்படி ஒருவர் கண்ணிலும் படாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். பஸாரில் கடை வைத்த முஸ்லிம் வீட்டில் மாதங்கள் இரண்டு வகை. ஜூன், ஜூலை என்பது கடைக்கும் கந்தோர் வேலைக்கும். ரஜப், பராஅத், நோன்பு என்பது பள்ளிவாசலுக்கும் அடுப்படிக்கும். பயணத்தை முதல் வகையில் பேசினார்கள். நோன்பை இரண்டாம் வகையில் நினைத்தார்கள். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றுக்கொன்று ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை.

முஹ்ஸினா தையல் மெஷினில் இருந்தாள். ஐந்து பேருக்கும் ஃபிளனல் துணியில் உள்சட்டை தைக்கிறாள். பண்டாரவளைக் குளிரில் பிறந்து வளர்ந்தவளுக்கும் நோர்வேக் கோடைகாலத்தை நினைத்து நடுக்கம்.

"முஹ்ஸினா, நோன்பு எப்ப வருது?"

"அதுக்கு நாளிருக்கு மதினி. இப்ப ரஜபுதானே."

"நாம போறது எப்ப?"

"என்ன மதினி, திட்டம் போட்டதே நீங்க. ஜூன் பதினாலு."

"போன வருஷம் காமிலா கேக் வெட்ட ஏலாம அழுதாளே, அது எப்ப?"

மெஷின் இன்னும் இரண்டு தையல் ஓடிவிட்டு நின்றது. முஹ்ஸினா விரல்களை மடக்கி எண்ணினாள். எண்ணி முடிக்கும் முன்பே வாயில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ்! பயணத்துல முக்கால்வாசி நோன்புக்குள்ள!"

"நஸீர்ட ஊர்ல அந்த மாசம் சூரியன் மறையாது" என்றாள் ஸவாஹிரா மெதுவாக.

"மறையாட்டி?"

"மறையாட்டி எப்ப நோன்பு திறக்கிற?"

முஹ்ஸினா அவளையே பார்த்தாள். பிறகு, அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா கஞ்சிக் கோப்பையக் கையில வச்சிக்கிட்டு ஒரு மாசம் வானத்தப் பாத்துக்கொண்டு இருப்பாரே, மதினி!" ஸவாஹிராவும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த இருவரும் சேர்ந்து சிரித்து எவ்வளவோ காலம். சிரிப்பு ஓய்ந்ததும் முஹ்ஸினாவின் முகம் மாறிவிட்டது.

"பயணம் போற முஸாபிருக்கு நோன்ப விடலாம். வந்து களாச் செய்யலாம்."

"நாம விடுவோம். வாப்பா விடுவாரா? காய்ச்சலோட கொழும்புக்குப் போன அண்டைக்கும் விடல்ல அவர்."

"அப்ப மாமாக்குச் சொல்ல வேணாம்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கவா? பராஅத் பிறை கண்டா ஊருக்கே தெரியும்."

"அதுக்குள்ள காசு கட்டி முடிஞ்சிடும்." முஹ்ஸினா அவள் கையைப் பிடித்தாள். "எனக்கு முப்பத்தஞ்சு வயசு மதினி. பண்டாரவளைல இருந்து பதுளைக்குக் கட்டிக் குடுத்தாங்க. நான் போன தூரம் அவ்வளவுதான். இண்டைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காதீங்க."

ஸவாஹிராவுக்கு அந்தக் கையை உதற மனம் வரவில்லை. அவளுக்கும் அதே ஆசைதானே. இந்த வருஷம் தள்ளிப்போட்டால் அடுத்த வருஷம் என்ன மிச்சம்? அப்போதும் நோன்பு ஜூனில்தான் வரும். நஸீரின் கம்பனி லீவு விடுவதும் ஜூனில்தான். இன்னும் மூன்று நாலு வருஷம் போனால்தான் நோன்பு கொஞ்சம் விலகிக்கொடுக்கும். அதுவரைக்கும் வாப்பாவின் கால்கள் தாங்குமா என்பது அவருக்கே தெரியாது. இன்றைக்கு முற்பணம் கட்டாவிட்டால் நஸீரை அவள் பார்ப்பது இனி எப்போது என்று சொல்ல ஆளில்லை.

பகல் முழுக்க இதே யோசனை. அடுப்படியில் நின்றபோதுதான் இன்னொரு எண்ணம் வந்தது. ஜூன் என்று தேதி குறித்துச் சொன்னவன் நஸீர் அல்லவா? அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? லீவைச் சாட்டி, நோன்பு மாதத்தில் வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் இந்த மாதத்தைச் சொல்லியிருப்பான்! அங்கே அவன் எப்படி நோன்பு திறக்கிறானோ, அதுபோல் நாமும் திறந்துவிட்டுப் போகிறோம். ஏழு வருஷமாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருப்பான், கெட்டிக்காரன். டெலிபோனில் கேட்டு வாப்பாவிடம் அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது.

இப்படி நினைத்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. பசி கூடத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு முன்பே எல்லாரும் கடையில் கூடிவிட்டார்கள். துணி மூட்டைகள் அடுக்கிய உள்ளறையில், பாதி இழுத்த திரைக்குப் பின்னால் பெண்கள். திரையை ஒட்டி அந்தப் பக்கம் ஹாஜியாரின் மேசை, அதன் மேல் உள்ளேயிருந்து கை நீட்டினால் எட்டும்படி கறுப்பு டெலிபோன்.

கடையில் அப்போது இராக்கம்மா என்று ஒரு தோட்டத்து அம்மா, பேரப்பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி கிழித்துத் தரச் சொல்லி நின்றுகொண்டிருந்தாள். பல வருஷ வாடிக்கை. தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, அடுத்த கிழமை குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போகிறாள்.

"மொதலாளி வீட்லயும் பயணமாமே?" என்று திரைப்பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "எல்லாரும் சேந்து போறீங்களா?"

"ஓம், தம்பியப் பாக்க. ஒரு மாசம்" என்றாள் ஸவாஹிரா.

"போய்ட்டு வாங்க தாயி. எங்களுக்குக் கவருமெண்டே டிக்கெட்டு குடுத்திருச்சு. ஆனா வர்றதுக்கு டிக்கெட்டு இல்லீங்க, போறதுக்கு மட்டுந்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஸவாஹிரா துணி முழத்துக்கு ஒரு சாண் கூடுதலாகக் கிழித்துக் கொடுக்கும்படி அலவிக்குக் கண் காட்டினாள்.

டெலிபோன் மணி அடித்தது.

முதலில் ஹாஜியார். மகனோடு பேசுவதென்றால் அவருக்குக் கட்டளை போடுவது மாதிரிதான் வரும். "உடம்பு எப்படி? ஆ. சரி. அலவிகிட்டக் குடுக்கிறன்." அவ்வளவுதான். ஏழு வருஷத்தில் வாப்பாவும் மகனும் டெலிபோனில் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு பீடி பிடிக்கிற நேரம் வராது.

அடுத்து அலவி. ரயில் பாஸ் எந்த ஸ்டேஷனில் வாங்குவது, விடுதிக்கு முன்னாலேயே எழுதிப் போட வேண்டுமா என்று கத்திக் கத்திக் கேட்டான். அவனிடமிருந்து காமிலா பறித்தாள். "சாச்சா, சூரியன் ராத்திரியும் நிக்குமா? நிசமா? அப்ப எப்படித் தூங்கிற?"

கடைசியாகத்தான் எப்போதும் ஸவாஹிரா. அவள் முறை வரும்போது அங்கே காசு முடிந்துவிடும். "சுகமா ராத்தா?", "சுகம் தம்பி" என்பதோடு லைன் அறுந்துபோகும். இன்றைக்கு அப்படி விடக்கூடாதென்று ரிஸீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி."

"ராத்தா! சுகமா?"

"சுகம். தம்பி, ஒண்டு கேக்கணும். நோன்ப யோசிச்சுத்தான் எங்கள ஜூன்ல வரச் சொன்ன, என்ன?"

"நோன்பா?" என்றான் நஸீர். "நோன்பு செப்டம்பர்லதானே ராத்தா?"

அவன் விளையாடவில்லை. அந்தக் குரலைப் பேசப் பழக்கியவள் அவள். விளையாட்டுக்கு அந்தக் குரல் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் புறப்பட்ட வருஷம் நோன்பு செப்டம்பரில்தான் வந்தது. அதுதான் அவன் இந்த வீட்டில் பிடித்த கடைசி நோன்பு. எழும்பமாட்டேன் என்று போர்வையை இழுத்து மூடியவனின் காலைச் சுரண்டிச் சுரண்டி எழுப்பிச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு நோன்பு வருஷா வருஷம் நடந்து நடந்து ஜூனுக்கு வந்துவிட்டது. இங்கே இருப்பவர்களுக்கு அது தானாகத் தெரியும். பள்ளிவாசலில் சொல்வார்கள், ரேடியோவில் சொல்வார்கள், அடுத்த வீட்டுக் கஞ்சி வாசம் சொல்லும். அங்கே அவனுக்கு யார் சொல்வார்? ஏழு வருஷம், எத்தனையோ பெருநாள். "பிறை கண்டாச்சு" என்று அவன் கதவைத் தட்டிச் சொல்ல ஒரு மனுஷர் இருக்கவில்லை. அவன் விட்டுப்போன செப்டம்பரிலேயே நின்றுகொண்டிருக்கிறான்.

தன்னைப்போல் தனிமையில் கிடப்பவர்கள் உலகத்தில் இல்லை என்று ஸவாஹிரா சில வேளை நினைத்ததுண்டு. தனிமை என்றால் என்னவென்று அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது.

"செப்டம்பர் இல்லடா தம்பி!" லைன் தேய்ந்துகொண்டு போக, தன்னை மறந்து கத்திவிட்டாள். "ஜூன்ல! இந்த வருஷம் நோன்பு ஜூன்ல!"

"ஜூன்லயா?" என்றான் அவன். பிறகு சின்னக் குரலில், "எனக்கு யாரும் சொல்லல்லயே ராத்தா" என்றான்.

காசு முடிந்துவிட்டது. லைன் அறுந்தது.

ரிஸீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். முஹ்ஸினா கண்ணை மூடிக்கொண்டு துணி மூட்டையில் சாய்ந்திருந்தாள். அலவி வாய்க்குள் தேதிகளைக் கூட்டிக்கொண்டிருந்தான். இராக்கம்மா துணிப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்தபடி வெளியே நழுவினாள்.

"ஜூன் எத்தனையாம் திகதி?" என்று கேட்டார் ஹாஜியார்.

"இருவத்திமூணு போல வாப்பா. பிறையப் பொறுத்து" என்றாள் ஸவாஹிரா.

"வாப்பா, முஸாபிருக்கு..." என்று அலவி தொடங்கினான். ஹாஜியார் கையைத் தூக்க, பேச்சு நின்றது. அவருடைய கண் மகளை விட்டு அசையவில்லை.

"அவன் செப்டம்பர் எண்டானா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். லைன் சரியில்லை, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை. ஆனால் அந்தச் சின்னக் குரல் இன்னும் காதுக்குள் இருந்தது. அதை மூடி மறைத்தால் அவனை மறுபடியும் அங்கேயே விட்டுவிட்டு வருவது போலாகும்.

"எண்டான் வாப்பா."

ஹாஜியார் கோபப்படுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகம் வேறு யாரோ ஒரு வயதாளியின் முகமாக இருந்தது.

"அவன் புறப்பட்ட வருஷம் செப்டம்பர்லதான் நோன்பு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

தெருவில் பஸ் கொண்டக்டர் "பண்டாரவள! பண்டாரவள!" என்று கூவிக்கொண்டிருந்தான்.

"அலவி, நேரமாகுது. போ. அஞ்சு டிக்கெட் வேணாம். ஒண்டு எடு."

"யாருக்கு வாப்பா?"

"எனக்கு. நோன்பு எப்ப எண்டு ஒருத்தனுக்குச் சொல்லிக் குடுக்க அஞ்சு பேர் தேவயில்ல."

முஹ்ஸினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காமிலா உம்மாவின் மடியில் போய் விழுந்தாள். ஹாஜியார் அதைப் பார்க்காதவர் போல மகளிடம் திரும்பினார்.

"நோன்பு காலத்துல வீட்டுக்கு ஆள் வேணும், மகள். நீ இருக்கிறதால எனக்குப் பயமில்ல."

அது அவருடைய பாராட்டு. இருபத்து நாலு வருஷமாக இதைத்தான் அவளுக்குக் கொடுத்து வருகிறார். அவளும் இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். இன்றைக்கு அதை வாங்கக் கை நீளவில்லை.

அங்கே என்ன நடக்கும் என்று அவளுக்குக் கண் முன்னால் தெரிந்தது. வாப்பா போய் இறங்கியதும் "நோன்பு பிடிக்கிறியா?" என்றுதான் முதலில் கேட்பார். அவன் "பிடிக்கிறன் வாப்பா" என்பான். பிறகு இரண்டு ஆண்களும் ஒரு அறைக்குள், மறையாத சூரியனைப் பார்த்தபடி, பேச ஒன்றுமில்லாமல் ஒரு மாதம் இருப்பார்கள். அவன் காலைச் சுரண்டி எழுப்ப வாப்பாவுக்குத் தெரியாது. அதைத் தெரிந்த ஆள் இந்த வீட்டில் ஒருத்திதான். அவளை இங்கே கஞ்சி காய்ச்சச் சொல்கிறார்கள்.

அலவி பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டான்.

ஸவாஹிரா திரையை விலக்கினாள். கடையின் முன்பக்கத்துக்கு அவள் வந்ததே இல்லை. வாப்பாவின் மேசையைத் தாண்டி, துணி அளக்கிற பலகையைத் தாண்டி, தெருவாசற்படியில் வந்து நின்றாள். தலையில் முக்காடு சரியாக இருக்கிறதா என்று கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எதிர்க்கடை ஜுனைதீன் தராசைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்தான்.

"அலவி!"

பஸ் மிதிபலகையில் ஒரு காலை வைத்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"ரெண்டு எடு."

"என்ன ராத்தா?"

பின்னால் வாப்பா இருக்கிறார். திரும்பிப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று தெரிந்து, தெருவைப் பார்த்தபடியே இன்னொரு தடவை சொன்னாள்.

"ரெண்டு டிக்கெட் எடு. வாப்பாக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு."

பஸ் நகர்ந்தது. அலவி உள்ளே தொற்றிக்கொண்டான். தலையை ஆட்டினானா, சனத்தைப் பார்த்து விலகினானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் படியை விட்டு இறங்கவுமில்லை, உள்ளே போகவுமில்லை. பின்னால், மேசையடியிலிருந்து வாப்பாவின் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.